ஹோம்ஸ்டே தலகாணில எண்ணெய்க் கறை, ஈர வாடை... என்னதான் பண்றது?

மலைமேகம்:
வணக்கம் மக்களே. கொடைக்கானல்ல வில்பட்டி பக்கம் எங்க வீட்டு மாடில மூணு ரூம் போட்டு ரெண்டு வருஷமா ஹோம்ஸ்டேவா விட்டுட்டு இருக்கோம். அம்மா, நான், உதவிக்கு ஒரு அக்கா, அவ்வளவுதான் ஆளு. சாப்பாடு, பாத்ரூம் எல்லாத்துக்கும் நல்ல பேருதான், ஆனா போன மே மாசம் வந்த ஒரு குடும்பம் தலகாணி உறைய கழட்டி உள்ள இருக்கறத போட்டோ எடுத்து ரிவ்யூல போட்டுட்டாங்க. உறை பளிச்சுனு இருக்கு, உள்ள தலகாணி முழுக்க டீ கொட்டின மாதிரி வட்டம் வட்டமா மஞ்சக் கறை. பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி என் தலகாணிலயே படுக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

பிரச்சனை என்னன்னா மொதல்ல தலைக்கு வைக்கற எண்ணெய். ரெண்டாவது பழனி. இங்க வர்ற பாதி குடும்பம் பழனில மொட்டை போட்டு தலை நிறைய சந்தனம் பூசிட்டு 65 கிலோமீட்டர் மலைப்பாதைல நேரா நம்ம ரூமுக்குத்தான் வர்றாங்க, காலைல போய் பார்த்தா தலகாணி, பெட்ஷீட், சில நேரம் தலைமாட்டு சுவரு வரைக்கும் சந்தனம். மூணாவது மேகம். அக்டோபர் நவம்பர்ல துணி நாலு நாள் தொங்குனாலும் காயாது, காஞ்ச மாதிரி இருக்கும், மடிச்சு வச்சா மறுநாள் ஒரு வாடை.

மொத்தம் 12 தலகாணி, எல்லாம் அம்மா ஆசையா தைச்ச இலவம்பஞ்சு. ஒண்ண மெஷின்ல போட்டு பார்த்தேன், கொழுக்கட்டை கொழுக்கட்டையா உருண்டு போச்சு. ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் தலகாணிய துவைக்க முடியுமா? மத்தவங்க எப்படி சமாளிக்கறீங்க?

லினன்ரூம்:
தம்பி, நான் ஊட்டில ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்ல 22 வருஷம் இருந்தவன். தலகாணிய துவைக்கற வேலைய விடுங்க, தலகாணி அழுக்காகாம பார்த்துக்கறதுதான் வேலை. நீங்க தலகாணி, அதுமேல உறை, அவ்வளவுதான் போடறீங்க. நடுவுல ஜிப் வச்ச ப்ரொடெக்டர் ஒண்ணு வேணும். கடைல ரெண்டு வகை இருக்கும், கசகசனு சத்தம் போடற பிளாஸ்டிக் ரகம் வாங்காதீங்க, அதுல படுத்தா காதுக்குள்ள பொரி மெல்லற மாதிரி இருக்கும். மேல காட்டன், அடில மெல்லிசா தண்ணி எறங்காத படலம், அந்த ரகம் வாங்குங்க. உறை ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் மாத்தணும். ப்ரொடெக்டர்ல கறை தெரிஞ்சா அப்பவே, இல்லைனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா.

இலவம்பஞ்சுக்கு தண்ணியே ஆகாது, வெயில்தான். வாடகை ரூமுக்கு 17க்கு 27 இஞ்ச் பைபர் தலகாணி வாங்கிருங்க, அது மெஷின்ல போகும். அதையும் பாதியா மடிச்சு விட்டு பாருங்க, தானா விரிஞ்சு வரலைன்னா அது ஆயுசு முடிஞ்சது, தூக்கிப் போடுங்க.

எண்ணெய்க் கறைல தண்ணி படறதுக்கு முன்னாடியே பாத்திரம் விளக்கற லிக்விட் நாலு சொட்டு விட்டு தேய்ச்சு இருபது நிமிஷம் வச்சுருங்க, அப்புறம் சுடுதண்ணி. கறை போகாத உறைய மட்டும் அயர்ன் பண்ணிராதீங்க, பண்ணினா அது நிரந்தரம். தண்ணி 60 டிகிரி இருந்தா தூசில வாழற கண்ணுக்கு தெரியாத பூச்சியும் சாகும், மலைல ஈரம் ஜாஸ்திங்கறதால அது நல்லா பெருகும், ஆஸ்துமாக்காரங்க ராத்திரி தும்மறது பாதி அதாலதான். சந்தனம் காயட்டும், காஞ்சதும் பிரஷ்ல தட்டி உதிர்த்துட்டு அப்புறம் நனைங்க, ஈரத்தோட தேய்ச்சா சேறுதான். கறை மஞ்சத்தூளா இருந்தா சோப்பு பட்டதும் செவப்பா மாறும், பயந்துராதீங்க, அலசி வெயில்ல போட்டா வெளுத்துரும்.

கஞ்சித்தண்ணி:
இவ்வளவு எதுக்கு சார், பிளீச்சிங் பவுடர், கூட எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊற வைங்க, அப்புறம் கஞ்சி போட்டு சொட்டு நீலம் விடுங்க, ஸ்டார் ஹோட்டல் மாதிரி மொடமொடனு இருக்கும். வாடைக்கு ரூம்ல சாம்பிராணி.

லினன்ரூம்:
ஐயோ, பிளீச்சோட எலுமிச்சம்பழம், வினிகர், பாத்ரூம் கழுவற ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது! குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல மூச்சு அடைச்சுரும். எங்ககிட்ட ஒரு பையன் அப்படி கலந்துட்டு இருமி இருமி வெளிய ஓடி வந்தான், கண்ணால பார்த்தேன். தனியா போட்டாலும் அந்த பிளீச் வேர்வைக் கறைய இன்னும் மஞ்சளாக்கும். ஆக்ஸிஜன் பிளீச் பவுடர்னு தனியா விக்கறாங்க, வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ராத்திரி முழுக்க ஊற வைங்க, அது போதும். கலர் துணிக்கும் பெரும்பாலும் பயம் இல்ல.

ஏலக்காடு:
நான் ஏற்காட்டுக்காரி, நாலு ரூம் வச்சிருக்கேன். அண்ணா சொன்னது எல்லாம் சரி ஆனா மலைல துவைக்கறது பிரச்சனையே இல்ல, காய வைக்கறதுதான். அந்த கஞ்சிய மட்டும் போட்டுராதீங்க, ஈர ஊருல கஞ்சி போட்ட துணி பூசணத்துக்கு விருந்து வச்ச மாதிரி, ரெண்டு வாரத்துல கருப்பு புள்ளி வந்துரும், அது போகவே போகாது. சாம்பிராணி வாசம் ஈர வாடையோட சேர்ந்தா இன்னும் கொடுமை. அந்துருண்டையும் வேணாம், கெஸ்ட்டுக்கு தலைவலி, கைக்குழந்தைக்கு நல்லதும் இல்ல.

நான் பண்றது: மெஷின்ல ஸ்பின் மட்டும் ரெண்டு தடவை. மொட்டை மாடில கண்ணாடி மாதிரி தெரியற ஷீட் போட்டு ஒரு கொட்டகை, ரெண்டு பக்கம் தெறந்து விட்டு ஒரு ஃபேன். பெட்ஷீட்ட ரெண்டா மடிச்சு ஒரே கயித்துல போடாம ரெண்டு கயித்துல கூடாரம் மாதிரி விரிங்க, நடுவுல காத்து போகும். தொட்டா சில்லுனு இருந்தா அது காயல, மடிக்காதீங்க. மழை மாசத்துல வாரம் ரெண்டு தடவை மூட்டை கட்டி கீழ சேலத்துக்கு லாண்டரிக்கு அனுப்பிருவேன், உங்களுக்கு வத்தலகுண்டு இருக்கே, தினம் காய்கறி வண்டி எறங்குது, வெறும் வெயில்லயே ரெண்டு மணி நேரத்துல காஞ்சுரும். கீழ ஊருல ஒரு பெட்டுக்கு மூணு செட்னா மலைல நாலு செட் வச்சுக்கோங்க. கரூர்ல மொத்தமா எடுத்தா வெலை கட்டுப்படியாகும்.

மொட்டைகோஷ்டி:
மதுரைல இருந்து, குற்றவாளி பேசறேன் 😀 போன தைப்பூசத்துக்கு அஞ்சு பேரு மொட்டை போட்டு கொடைல ஒரு ரூம்ல தங்கினோம், காலைல பார்த்தா தலகாணி பூரா சந்தனம், என் வீட்டுக்காரம்மா வெக்கப்பட்டு பாத்ரூம்ல துவைச்சு இன்னும் கெடுத்து வச்சுட்டாங்க. சத்தியமா சொல்றேன், வேணும்னு யாரும் பண்றதில்ல. வந்தவுடனே ஒரு பழைய கருஞ்செவப்பு துண்ட கையில குடுத்து தலகாணி மேல போட்டுக்கோங்கனு சொல்லுங்க, நாங்களே சந்தோஷமா போட்டுக்குவோம். டை அடிச்சவங்க, மருதாணி வச்சவங்களுக்கும் அதே துண்டு.

ஆனா எனக்கு தலகாணிய விட கோவம் அந்த தடி கம்பளி மேலதான். ரயில்ல ஏசி கோச் கம்பளிய மாசத்துக்கு ஒரு தடவையாவது துவைக்கறோம்னு 2024ல ரயில்வே மந்திரி நாடாளுமன்றத்துல சொன்னாரு, அதுக்கே ஊரே சிரிச்சுது, மலைல எத்தன ரூம்ல அந்த ஒரு தடவை கூட நடக்குதுனு தெரியல. கம்பளிக்கு அடில ஒரு பெட்ஷீட் சேர்த்து குடுங்க, இல்ல பஞ்சு வச்ச ரஜாய் போர்வைக்கு உறை போட்டு உறைய மட்டும் மாத்துங்க. இன்னொண்ணு, நாங்க உள்ள வந்ததும் போன் டார்ச் அடிச்சு மெத்தை ஓரத் தையல்ல கருப்பு புள்ளி இருக்கானு பார்ப்போம், மூட்டைப்பூச்சி எச்சம் அங்கதான் இருக்கும். எங்களுக்கு முன்னாடி நீங்க பார்த்துருங்க.

மலைமேகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு மாசம் கழிச்சு வந்து எழுதறேன். பைபர் தலகாணி 12, ப்ரொடெக்டர் 24 வாங்கியாச்சு. கொட்டகை இன்னும் போடல, காசு வரட்டும், இப்போதைக்கு வத்தலகுண்டுக்கு மூட்டை போகுது. இலவம்பஞ்ச தூக்கிப் போடலாம்னு சொன்னதுக்கு அம்மா ரெண்டு நாள் பேசல, மீதி 11ஐயும் வீட்டுக்குள்ள கொண்டு போய் வச்சுட்டாங்க, இப்போ நாங்கதான் அதுல படுக்கறோம்.

கருஞ்செவப்பு துண்டு செமயா வேலை செய்யுது அண்ணே. போன வாரம் ஒரு குடும்பத்துல மொட்டை போட்ட மூணு பேருக்கு மட்டும் குடுத்தேன், மொட்டை போடாத பாட்டி ஒண்ணு கதவ தட்டி, ஏன் சாமி, எனக்கு மட்டும் கலர் துண்டு இல்லையானு சண்டை.