சேமிப்பகத்தின் ஐபி முகவரிகளைச் சேவை நிற்காமல் மாற்ற இயலுமா?

கேள்வி:
வணக்கம். இரண்டு கன்ட்ரோலர்கள் (சேமிப்பகத்தை இயக்கும் கட்டுப்பாட்டு அலகுகள்) கொண்ட எங்கள் ஐஸ்கஸி (iSCSI, நெட்வொர்க் வழியே சர்வர்களுக்கு வட்டு இடம் தரும் முறை) சேமிப்பகத்தின் நிர்வாக முகவரிகளையும் தரவு போர்ட்டுகளின் முகவரிகளையும் புதிய சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் உட்பிரிவுக்கு) மாற்ற வேண்டியுள்ளது. மெய்நிகர் கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய இயலுமா?

மறுமொழி 1:
நிர்வாக முகவரியை மாற்றும்போது உங்கள் உலாவி இணைப்புதான் துண்டிக்கப்படும். தரவுப் பாதை பாதிக்கப்படாது. தரவு போர்ட்டுகளை மாற்றும் முன், ஒவ்வொரு சர்வரிலும் மல்டிபாத் (ஒரே சேமிப்பகத்தைப் பல பாதைகளில் அணுகும் வசதி) இரு கன்ட்ரோலர்களுக்கும் செயலில் உள்ள பாதைகளைக் காட்டுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சர்வர்களின் நெட்வொர்க் கார்டுகளுக்குப் புதிய சப்நெட்டிலும் முகவரி கொடுத்து, ஒரு கன்ட்ரோலரின் போர்ட்டுகளை மட்டும் மாற்றி, புதிய முகவரியை 3260 என்ற ஐஸ்கஸி போர்ட் எண்ணுடன் சர்வர்களில் சேர்த்து, அந்தப் பாதைகள் மீண்டும் செயல்படத் தொடங்கிய பின்னரே அடுத்த கன்ட்ரோலரைத் தொடுங்கள். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் குலைக்காதீர்கள்.

மறுமொழி 2:
ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய தரவுப் பொதி) பயன்படுத்துபவராயின், புதிய விலானில் (VLAN, ஸ்விட்சில் பிரிக்கப்படும் மெய்நிகர் நெட்வொர்க்) ஸ்விட்ச் உட்பட எல்லா இடங்களிலும் எம்டியு (MTU, ஒரு பொதியின் உச்ச அளவு) 9000 உள்ளதா என்பதை, துண்டாக்கத்தைத் தடுத்து 8972 பைட் அளவில் பிங் செய்து சோதியுங்கள். சாதாரண பிங் வெற்றி பெறுவது இதற்குச் சான்றாகாது.

மறுமொழி 3:
வேறொரு சேமிப்பகத்துக்குத் தரவை நகலெடுக்கும் பிரதியெடுப்பு இணைப்பு இருந்தால் மறுமுனையிலும் முகவரியை மாற்ற வேண்டும். சர்வர்களில் தங்கிவிடும் பழைய போர்ட்டல் பதிவுகளையும் (சேமிப்பகத்தின் பழைய முகவரிப் பதிவுகள்) நீக்கிவிடுங்கள். இல்லையெனில் அடுத்த மறுதொடக்கத்தில் அவற்றைத் தேடியே நேரம் வீணாகக்கூடும்.