தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும்: அனுபவப் பகிர்வு

பகிர்வைத் தொடங்கிய சகோதரர்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். துன்ப காலத்தில் கர்த்தர் தாங்கினார் என்னும் சாட்சிகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் நானும் பெலனடைந்திருக்கிறேன். ஆனால் கையில் பணமும் உடலில் சுகமும் இருந்த நாட்களில் அவரைச் சார்ந்து வாழக் கற்றுக்கொண்டது எப்படி என்று எழுந்து நின்று சொன்னவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் தவறிப்போனவன் என்ற முறையில் என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். நீங்களும் மனந்திறந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தோம். தொழில் நொடித்தபோது அவர் விலகிக்கொண்டார். இயந்திரத்துக்காக வாங்கிய கடன் என் பெயரில் இருந்தது. அதை அடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் நான் விடியற்காலம் தவறாமல் எழுந்ததற்குப் பக்தி காரணம் என்று சொல்ல என் மனசாட்சி இடந்தராது. தூக்கம் வராமல்தான் எழுந்தேன். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அன்றைக்கு யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டியிருந்ததோ அதையெல்லாம் கர்த்தருக்கு எழுதத் தொடங்கினேன். அதில் ஒரு நாள் எழுதிய வரி இன்றும் நினைவில் இருக்கிறது: “இன்று வரப்போகிறவரிடம் நான் பொய் சொல்லாதபடி என் வாயைக் காத்தருளும்.”

கடன்பட்டவர்களுக்கு அந்த ஜெபத்தின் பாரம் புரியும். ‘அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்’ என்ற பொய் நாவின் நுனியிலேயே காத்திருக்கும். அன்று அவர் வந்து நின்றபோது, “இப்போது என்னிடம் இல்லை; எப்போது கிடைக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை; கிடைத்தவுடன் முதலில் உங்களுக்குத்தான் தருவேன்” என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். விசுவாசம் தரும் பெலன் என்று மற்றவர்கள் எதைச் சொல்வார்களோ, நான் அறிந்தது இதைத்தான். கடன் ஒரு காசும் குறைந்திருக்கவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்க என்னால் முடிந்தது.

அதன்பின் தொழில் மீண்டது. பெரிய வேலைகள் வந்தன, கடன் தீர்ந்தது, இரண்டாவது இயந்திரம் வாங்கினோம். சில ஆண்டுகள் கழித்து, அலமாரியை இடம் மாற்றும்போது அந்த நோட்டுகள் ஒரே கட்டாகக் கிடைத்தன. ஏழு நோட்டுகளில் இரு பக்கமும், ஓரத்தில் விடும் இடத்தைக்கூட விடாமல், எழுத்துக்களை நெருக்கி எழுதியிருந்தேன். எட்டாவதின் முதல் சில பக்கங்களில் பத்து வரிகள் இருந்தன. பிறகு மூன்று வரிகள். பிறகு ஒரு தேதியும் அதன்கீழ் ‘ஸ்தோத்திரம்’ என்ற ஒற்றைச் சொல்லும். அடுத்து வெறும் தேதி. அதற்குமேல் எல்லாம் வெற்றுத் தாள்கள். அந்தக் கடைசித் தேதி, கடைசித் தவணையைக் கட்டிய வாரத்தின் தேதி.

தரையில் உட்கார்ந்தபடியே நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதாம் சங்கீதத்தில் தாவீது, “நான் ஒருக்காலும் அசைக்கப்படுவதில்லை என்று என் வாழ்விலே சொன்னேன்” என்கிறார். நான் அதை வாயால் சொல்லவில்லை; எழுதாமல் விட்ட தாள்களால் சொல்லியிருந்தேன்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை அன்று மறுபடியும் வாசித்தேன். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பதின்மூன்றாம் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தை நாம் அந்த அளவுக்குச் சொல்வதில்லை: “தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.” தாழ்ந்திருக்கத் தெரிய வேண்டும் என்பது எனக்கு எளிதில் விளங்கியது. வாழ்ந்திருப்பதையும் ஒருவன் கற்க வேண்டுமா என்ற கேள்வி அதுவரை எனக்குள் எழுந்ததே இல்லை. திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் ‘போதிக்கப்பட்டேன்’ என்று அதே வசனம் தொடர்கிறது; நம் வேதாகமம் தரும் அந்தச் சொல்லுக்கு, கிரேக்க மூலத்தில் ஒரு இரகசியத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்படுதல் என்ற பொருள் உண்டு. பட்டினிக்கு உள்ளதுபோலவே நிறைவுக்கும் ஓர் இரகசியம் உண்டென்று, விலங்கிடப்பட்டிருந்த ஒரு மனிதர் எழுதுகிறார். முன்பு அதே பிலிப்பியில், தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் சீலாவோடு சேர்ந்து பாடியவர் அவர் என்பதை அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆகையால் அவர் சொல்வதை நான் தட்டிவிட முடியாது.

ஒரு சகோதரி எழுதியது

சகோதரரே, உங்கள் எட்டாவது நோட்டைப் பற்றி வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. என் அனுபவம் வேறுவகையானது. அதையும் இங்கே வைக்க விரும்புகிறேன்.

என் கணவர் இரண்டு ஆண்டுகள் நோயில் கிடந்து மரித்தார். உபவாசமிருந்தோம், சபையே முழங்காலில் நின்றது, சுகம் கிடைக்கவில்லை. விசுவாசம் போதவில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். தம் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கும் அது நீக்கப்படவில்லை என்பதையும், “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லக்கூட அப்போது என்னிடம் தெம்பு இல்லை.

கடைசி வாரத்தில் வார்த்தைகளால் ஜெபிக்க என்னால் முடியவில்லை. அவருடைய மூச்சு உள்ளே போகும்போது ‘கர்த்தாவே’ என்றும், வெளியே வரும்போது ‘இரங்கும்’ என்றும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவர் மூச்சு தாமதித்தால் என் ஜெபமும் நின்றுவிடும். மறுபடி மூச்சு வரும்போது அதுவும் தொடரும். அந்த நாட்களில் எண்பத்தெட்டாம் சங்கீதம் எனக்குத் துணையாக இருந்தது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் முடிவுக்குள் எங்கேயாவது ஒரு வெளிச்சம் தென்படும். இதில் அதுவும் இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருளைக் குறிப்பது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கும் தேவனிடம், என் இருளையும் மறைக்காமல் கொண்டுபோகலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

சபையிலிருந்து இரண்டு பெண்கள் தினமும் மாலையில் வருவார்கள். பேசமாட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் துணிகளை மடித்து வைப்பார். யோபுவின் நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்த பிறகுதான் தவறுகள் தொடங்கின. துக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாழ்ந்திருக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது உங்களைவிட வேறுவிதத்தில் கடினமாக இருந்தது. ஆண்டுகள் கழித்து மகளுக்குத் திருமணமாகி, பேரக்குழந்தை பிறந்து, வீட்டில் மறுபடியும் சத்தமும் சந்தோஷமும் வந்தபோது, சிரிப்பதற்கே எனக்குக் குற்றவுணர்வாக இருந்தது. துக்கத்தில் கர்த்தர் மிக அருகில் இருந்தார். சந்தோஷத்துக்குள் போனால் அவரையும் கணவரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவதாகிவிடுமோ என்று பயந்தேன். குழந்தையை என் மடியில் வைத்த ஒரு மாலையில், அது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியபோது, பழைய ஜெபம் தானாகவே வந்தது. அதன் மூச்சு உள்ளே போகும்போது ‘கர்த்தாவே’ என்றேன். வெளியே வரும்போது, யோசிக்காமலே, ‘ஸ்தோத்திரம்’ என்றேன். சந்தோஷத்தையும் அவர் கையிலிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அன்றுதான் என் மனம் ஒப்புக்கொண்டது.

ஓர் இளைய சகோதரர் எழுதியது

சகோதரி அவர்களுக்கு என் வணக்கமும் ஸ்தோத்திரமும். சுருக்கமாகவே எழுதுகிறேன். விசுவாசித்தால் செழிப்பு நிச்சயம் என்று போதிக்கும் ஒரு சபையில் நான் சில காலம் இருந்தேன். வேலை கிடைத்தபோது என் விசுவாசத்தைப் பாராட்டினார்கள். வேலை போனபோது என்னிடம் என்ன பாவம் இருக்கிறது என்று தேடினார்கள். நானும் தேடினேன். பல மாதங்கள் அந்தத் தேடலிலேயே மனம் நொந்துபோனது. பிறகு ஒரு வயதான போதகர், “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்” என்று தொடங்கும் ஆபகூக்கின் வசனங்களை எனக்கு வாசித்துக் காட்டினார். திராட்சச்செடியில் பழமில்லை, வயலில் விளைச்சலில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தீர்க்கதரிசி கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அவருடைய பாவம் என்னவென்று யாரும் அங்கே தேடவில்லை.

சபையின் கணக்கைக் கவனிக்கும் மூத்த சகோதரர் எழுதியது

காணிக்கைக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவன் நான். பிறர் கொடுப்பதைப் பற்றி எழுதுவது தகாது. ஆகையால் என் சொந்தக் கணக்கை மட்டும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொகையைத் தீர்மானித்து மாதந்தோறும் கொடுத்துவந்தேன். அப்போது அது எனக்குப் பாரமான தொகைதான். காலப்போக்கில் என் வருமானம் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. காணிக்கை அதே தொகையில் நின்றது. ஒரு ஆண்டு இறுதிக் கணக்கை முடிக்கும்போது என் பெயருக்கு நேரே பன்னிரண்டு மாதமும் அதே எண் இருந்ததையும், முந்தைய ஆண்டுகளின் ஏடுகளிலும் அதே எண் இருந்ததையும் பார்த்து வெட்கப்பட்டேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். வருமானம் 60 பவுண்டானபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்தார். 32 பவுண்டைக் கொடுத்தார். அவர் கணக்கில் செலவு அசையாமல் நின்றது. என் கணக்கில் காணிக்கை அசையாமல் நின்றது. “என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது” என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று உபாகமம் எட்டாம் அதிகாரம் எச்சரிக்கிறது. அப்படி நான் சொன்னதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நான் சொல்லாததை என் ஏடு சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, வருமானத்தை முன்னால் வைத்து ஜெபித்த பிறகே தொகையைத் தீர்மானிக்கிறேன். அந்த ஜெபம் எனக்கு இன்னும் எளிதாகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தொடங்கிய சகோதரர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. சகோதரி அவர்களே, நீங்கள் எழுதிய மூச்சு ஜெபத்தை நானும் பழகத் தொடங்கியிருக்கிறேன். மூத்த சகோதரரின் ஏட்டைப் பற்றி வாசித்தபோது யூதாவின் ராஜாவான எசேக்கியா நினைவுக்கு வந்தார். அசீரியரின் மிரட்டல் நிருபம் கையில் கிடைத்தவுடன் அவர் ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தார். மரண வியாதியில் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதார். அவருடைய ஆயுளோடு 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன. அதன்பின் பாபிலோனிலிருந்து ஸ்தானாபதிகள் நலம் விசாரிக்க வந்தபோது, வெள்ளி, பொன், பரிமளத் தைலம், ஆயுதசாலை என்று ஒன்று விடாமல் அவர்களுக்குத் திறந்து காட்டினார். நிருபத்தை விரித்த அதே கைகள்தான் பொக்கிஷசாலையையும் திறந்தன. அந்தப் பொக்கிஷங்களை ஒரு நாளாவது ஆலயத்துக்குக் கொண்டுபோய், நிருபத்தை விரித்ததுபோல விரித்து வைத்து, ‘இவற்றை நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று அவர் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

எட்டாவது நோட்டின் வெற்றுத் தாள்களில் இப்போது மறுபடியும் எழுதிவருகிறேன். தொடங்கிய சில நாட்கள் எதை எழுதுவதென்றே தெரியவில்லை. குறைவில்லாத ஒருவன் என்ன கேட்பான்? பிறகு, என் கையை எதிர்பார்த்து இருப்பவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினேன்: அச்சகத்தில் வேலை செய்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், எனக்குப் பணம் தர வேண்டியவர்கள்.

அந்தக் கடைசி வரிசையில் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் வந்து, “அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்” என்றார். அந்த வாக்கியத்தை நான் நன்றாக அறிவேன். சொல்லும்போது அவர் பார்வை தரையில் இருந்ததையும் கவனித்தேன். நாளை அவர் மறுபடியும் வருகிறார். இன்று விடியற்காலை அவர் பெயரை எழுதி, அதன்கீழே எழுதினேன்: “நாளை வரப்போகிறவர் பொய் சொல்லத் தேவையில்லாதபடி என் முகத்தையும் என் வாயையும் காத்தருளும்.”