ஆட்டுக்கால் சூப் முட்டிக்குப் போய்ச் சேருமா?

செங்காங் அம்மா:
தேக்கா சந்தையில் ஆட்டுக்கால் வாங்கி, ராத்திரி முழுக்க ஸ்லோ குக்கரில் போட்டேன். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் அகர் அகர் மாதிரி உறைந்து ஆடுகிறது. மாமியார், "என் பிள்ளைக்கு முட்டி வலி, இதைக் குடிச்சா அங்க போய் ஒட்டிக்கும்" என்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளோ, "அதெல்லாம் செரிச்சுடும்மா" என்று சிரிக்கிறாள். அவள் புத்தகத்தில் இணைப்புத் திசு என்று ஒரு படம்: ஒரே நூல் சிக்கல், நடுவில் நாலைந்து விதச் செல்கள். எது என்ன செய்கிறது? யார் சொல்வது சரி?

ஸ்லைடு ஆள்:
நான் மகள் பக்கம் அக்கா. திசு ஆய்வகத்தில் வேலை, இந்தச் சிக்கலைத் தினமும் பார்க்கிறவன்.

ஆட்டுக்காலில் கறி ஏது? தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, பெரும்பாலும் இணைப்புத் திசுதான், அதாவது உடலின் பாகங்களைப் பிணைத்துத் தாங்கும் திசு. அதில் நிறைந்திருப்பது கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட புரதம். மணிக்கணக்கில் வெந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரையும். ஆறியதும் இழைகள் அங்கங்கே மறுபடி பின்னித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். குடித்தால் குடல் அதை அமினோ அமிலமாகவும் சிறு துணுக்குகளாகவும் வெட்டிவிடும். அப்புறம் அது முட்டிக்குத்தான் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கொலாஜனை அந்தந்த இடத்திலேயே செல்கள் செய்துகொள்கின்றன. தசைநாணில் ஃபைப்ரோபிளாஸ்ட், குருத்தெலும்பில் காண்ட்ரோசைட். அதற்கு வைட்டமின் சி வேண்டும்; இல்லாவிட்டால் முறுக்கு நிற்காது. ஸ்கர்வி நோயில் ஈறில் ரத்தம் கசிவது இதனால்தான். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

மைக்ராஸ்கோப் ஸ்லைடில், வழக்கமான சாயத்துக்குக் கொலாஜன் இளஞ்சிவப்பாக அலையலையாகத் தெரியும். இடையிடையே நசுங்கிய ஊதாக் கீற்றாக இருப்பது ஃபைப்ரோபிளாஸ்டின் உட்கரு. இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்கும் எலாஸ்டின் நாருக்குத் தனிச் சாயம், கறுப்பாக எழும். பெருந்தமனிச் சுவரில் பார்க்கவேண்டும்! ரெட்டிகுலர் நாருக்கு வெள்ளி உப்பு. கல்லீரலிலும் மண்ணீரலிலும் மெல்லிய கறுப்பு வலை. எனக்குப் பிடித்தது மாஸ்ட் செல்தான். டொலுயிடின் நீலம் போட்டால் சுற்றியுள்ளதெல்லாம் நீலம், இதனுள் இருக்கும் சிறு மணிகள் மட்டும் ஊதாச் சிவப்பு. கொசு கடித்த இடம் தடித்து அரிப்பது அந்த மணிகளிலிருந்து வரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளால். மேக்ரோஃபேஜ் கிருமியையும் குப்பையையும் விழுங்கும், கொழுப்புச் செல் கொழுப்பைச் சேர்க்கும். மகளுக்கு இது போதும்.

தேக்கா கறிக்கடை:
தம்பி, எலாஸ்டினை நான் மைக்ராஸ்கோப் இல்லாமலே பார்க்கிறேன். ஆட்டுக் கழுத்தில் மேலாக மஞ்சளாக ஒரு நாண் ஓடும். இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்கும். விடிய விடிய வேகவைத்தாலும் பல்லில் இழுபடும். வெட்டும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். காலில் இருப்பது வெள்ளை நாண், அது கரையும். கிடா முற்றலென்றால் நேரம் கூட ஆகும்.

ஸ்லைடு ஆள்:
அண்ணே, அந்த மஞ்சள் நாணில் பெரும்பகுதி எலாஸ்டின்தான், கொதித்தாலும் கரையாது. முற்றல் கறிக்கும் காரணம் உண்டு: வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு கூடும்.

செங்காங் அம்மா:
மாமியாரிடம் எலுமிச்சையை மட்டும் சொன்னேன், சந்தோஷம். மற்றதை மகளே சொல்லிக்கொள்ளட்டும். சரி, முட்டிக்கு என்ன செய்வது?

ஸ்லைடு ஆள்:
நான் டாக்டர் இல்லை அக்கா. ஆனால் மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்துதான் சத்து ஊறவேண்டும், அதற்கு அசைவு வேண்டும். பாலிகிளினிக்கில் காட்டி, பிசியோதெரபி தேவையா என்று கேளுங்கள். வீக்கம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சூப்பும் குடிக்கட்டும், உப்பைக் குறைத்து.