மனையில் கொட்டிய சாம்பலில் கதிர்வீச்சு இருக்குமா?

முல்லை:
எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம். பள்ளமாகக் கிடந்த மனையை மேடாக்க 40 லோடு சாம்பல் அடித்தோம், மேலே ஒரு அடி செம்மண். இப்போது தரை போடும் நேரம். சாம்பலில் யுரேனியம் இருக்கிறது என்று கொழுந்தனார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கைக்குழந்தை தவழப்போகிற தரை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்:
அக்கா, நான் 11 வருடமாக மண் மாதிரிகளில் காமா கதிர் அளக்கிறேன். கொழுந்தனார் சொன்னது பொய்யில்லை. ஆனால் யுரேனியமும் தோரியமும் எந்த மண்ணிலும் கொஞ்சம் உண்டு. நிலக்கரி எரிந்தால் கரி போய்விடும், இவை சாம்பலோடு தங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ சாம்பல் மிஞ்சும். அதனால் செறிவு இரண்டு மூன்று மடங்காகிறது.

ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். உலகச் சராசரி மண்ணில் ஒரு கிலோவில் ரேடியம் (யுரேனியம் சிதைந்து வருவது) 35 பெக்கரல், தோரியம் 30 பெக்கரல், பொட்டாசியம்-40 என்ற கதிர்வீசும் பொட்டாசியம் 400 பெக்கரல். கட்டுமானப் பொருளென்றால் தோரியத்தை 1.43-ஆலும் பொட்டாசியத்தை 0.077-ஆலும் பெருக்கி ரேடியத்தோடு கூட்டுவோம். சராசரி மண்ணுக்கு அந்தக் கூட்டுத்தொகை 109 வரும், கட்டுமானப் பொருளுக்கு எல்லை 370. ரேடியமும் தோரியமும் மூன்று மடங்கு இருந்தாலும் 265தான்.

நான் கவனிக்கச் சொல்வது ரேடானை. அது ரேடியம் சிதைந்து வரும் கதிர்வீசும் வாயு, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். கான்கிரீட்டைக் கெட்டியாகப் போடுங்கள், குழாய் இறங்கும் ஓட்டைகளைச் சுற்றி நன்றாகப் பூசச் சொல்லுங்கள்.

கிணற்றடி:
அம்மா, நானும் சாம்பல் குளத்துப் பக்கம்தான். மேல்காற்று அடித்தால் முருங்கை இலை சாம்பல் நிறமாகிவிடும், என் மகளுக்கு இளைப்பு. எனக்குப் பயம் அந்தத் தூசிதான். போர் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முல்லை:
சரி, தண்ணீரும் சோதனைக்குக் கொடுக்கிறேன். தம்பி, மண்ணை எப்படி எடுப்பது?

செம்மண்:
செம்மண்ணை விலக்கிவிட்டு, அடியில் இருக்கும் சாம்பலில் மூன்று இடத்தில் ஒவ்வொரு கிலோ. சாம்பல் கொட்டாத பக்கத்து வயலிலும் ஒரு கிலோ, ஒப்பிட அது வேண்டும். காயவைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் மூடி வைத்த பிறகுதான் அளப்போம். ரேடியத்தை ரேடானுக்குப் பின் வரும் பொருள்களின் காமா கதிரை வைத்துத்தான் கணக்கிடுகிறோம், ரேடான் தப்பிவிட்டால் கணக்கு குறைத்துக் காட்டும். அதனால் முடிவு உடனே வராது, அதுவரை தரை வேலையை நிறுத்தி வையுங்கள்.