மின்சார சரக்கு வண்டிக்கு மாறியவர்கள் / மாற்றிவிட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

ஆலோசகர்:
சரக்கு வண்டி வைத்திருக்கும் நிறுவனங்களை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிவிடுவது என் வேலை. போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: வண்டி இரவில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது?

ஒரு பார்சல் நிறுவனம், பத்து வேன்கள். வேனுக்கு ஒன்றாக 22 கிலோவாட் சார்ஜர் போட முதலாளி விலைப்புள்ளியே வாங்கிவிட்டார். பத்தும் ஒரே நேரத்தில் இழுத்தால் 220 கிலோவாட். அந்த இடத்து இணைப்பு தாங்காது, புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்கும். சரி, டிரிப் ஷீட்டை எடுங்கள் என்றேன். எந்த வேனும் நாளுக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. கிலோமீட்டருக்குக் கால் யூனிட் என்றால் 30 யூனிட். இரவு 10 மணி நேரம் நிற்கிற வண்டிக்கு 3 கிலோவாட் போதும். பத்துக்கும் சேர்த்து 30 கிலோவாட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 40 என்று வைத்து, சுமையைப் பகிர்ந்து தரும் சிறிய சார்ஜர்களைப் போட்டோம். டிரான்ஸ்ஃபார்மர் பேச்சே எழவில்லை.

இன்னொன்று, பல வேன்களில் உள்ளே இருக்கும் சார்ஜரே 7 அல்லது 11 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. சுவரில் 22 மாட்டி என்ன பிரயோசனம்? விற்பவர்கள் இதை லேசில் வாய்திறந்து சொல்வதில்லை.

குளிர்பதன வண்டி வைத்திருப்பவர்:
எங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. குளிரூட்டும் யூனிட்டும் அதே பேட்டரியைத்தான் குடிக்கிறது. கதவை அடிக்கடி திறக்கிற ரூட்டில் தூரம் கண்ணெதிரே குறையும். பெட்டியை வண்டி கிளம்பும் முன்பே, பிளக்கில் இருக்கும்போதே குளிர வைக்க ஆரம்பித்த பிறகுதான் சமாளிக்க முடிகிறது.

ஓட்டுநர்:
சத்தமில்லை, கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லை, சாயங்காலம் கால் வலிப்பதில்லை. ஒரு சந்தேகம். எங்கள் கிடங்கு மேட்டில் இருக்கிறது. காலையில் இறங்கும்போது ரீஜென் (வேகத்தைக் குறைத்து, அந்த ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்புவது) பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறேன். வண்டியில் கோளாறா?

ஆலோசகர்:
கோளாறு இல்லை. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தைப் போட இடமிருக்காது. ரூட்டுக்குப் போதுமென்றால் இரவு சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வப்போது மட்டும் முழுதாக ஏற்றினால் சரி. எத்தனை முறை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.