டிரைக்கோம்: தூவியா, சுணையா, மயிரா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். தாவர மரபியல் பாடநூலில் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இலையின் புறத்தோலில் முடிபோல முளைக்கும் டிரைக்கோமுக்கு ‘தூவி’ என்றே போட்டு வந்தேன். வேர்த்தூவி பள்ளியிலேயே பழகிய சொல்தானே என்ற தைரியம். அரபிடாப்சிஸ் செடியைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். ‘கேப்ரிஸ் மரபணு தூவி உருவாவதைத் தடுக்கிறது’ என்று ஒரு பக்கம். ‘கேப்ரிஸ் தூவி உருவாக உதவுகிறது’ என்று அடுத்த பக்கம். இரண்டும் சரி. முதலாவது இலையில், இரண்டாவது வேரில். படிக்கும் மாணவர் என்னைத்தான் சந்தேகப்படுவார்.

தமிழாசிரியர் (ஓய்வு):
தூவியை விட்டுவிடாதீர்கள். ‘அனிச்சமும் அன்னத்தின் தூவியும்’ என்ற குறளில் மென்மைக்கே அளவுகோல் அது. தூவு என்னும் வினையடியாகப் பிறந்தது என்பது என் எண்ணம். இலைமேல் தூவினாற்போல் இருப்பதும் பொருந்துகிறது. தூவல் என்றாலும் இறகுதான். பேனாவுக்குத் தூவல் என்று பெயரிட்டதும் அதனால்தான். இறகின் அடியைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில்...

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, பேனாவை அப்புறம் பார்ப்போம். ‘தூவினாற்போல்’ என்பதில்தான் எனக்குத் தகராறு. அவை கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. இளம் இலையில் கிளாப்ரா1, கிளாப்ரா3, டிடிஜி1 ஆகிய மரபணுக்களின் புரதங்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து கிளாப்ரா2 மரபணுவை முடுக்குகின்றன. அந்தச் செல் பிரிவதை நிறுத்திவிட்டு, டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருத்து, பெரும்பாலும் மூன்று கிளை விட்டு நிற்கும். இத்தனையும் ஒரே செல்!

அதே கூட்டுதான் டிரிப்டிகான், கேப்ரிஸ் என்ற சிறு புரதங்களையும் உண்டாக்க வைக்கிறது. அவை பக்கத்துச் செல்களுக்குள் நுழைந்து, கூட்டில் கிளாப்ரா1 உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கூட்டு முடங்கிவிடும்; பக்கத்துச் செல்லில் எதுவும் முளைக்காது. இடைவெளி விட்டு முளைப்பது இதனால்தான். டிரிப்டிகான் பழுதானால் இரண்டு மூன்று ஒட்டி ஒட்டி முளைக்கும்.

வேரில் கிளாப்ரா1-க்குப் பதிலாக வேர்வுல்ஃப் என்ற உறவுக்காரப் புரதம் இருக்கிறது. அங்கே கிளாப்ரா2 இயங்கும் செல்லில் வேர்த்தூவி வராது. ஆக, கேப்ரிஸ் இரண்டு இடத்திலும் கிளாப்ரா2-ஐத்தான் அடக்குகிறது, விளைவு மட்டும் தலைகீழ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பாடத்தின் உயிரே போய்விடும். ‘சுணை’ என்று வையுங்களேன்.

தனித்தமிழ் அன்பர்:
மயிர் என்று எழுத ஏன் இத்தனை கூச்சம்? ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று எழுதியவருக்கு அது இருந்ததா? இலைமயிர், வேர்மயிர், முடிந்தது. கிளாப்ரா என்பதும் இலத்தீனில் மயிரற்றது என்றுதான் பொருள். ‘மொட்டை1’, ‘மொட்டை2’ என்று தமிழாக்கலாம்.

தாவரவியல் ஆசிரியை:
வகுப்பில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அப்புறம் பாடம் நடக்காது. மொட்டை இன்னும் மோசம். மரபணு பழுதானால் தெரியும் குறையை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். ‘மொட்டை மரபணு முடி முளைக்க வைக்கிறது’ என்று நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
சுணை என்றால் பட்டால் அரிக்க வேண்டுமே அம்மா. உங்கள் அரபிடாப்சிஸ் அரிக்குமா? தவிர, சுணைக்கு மான உணர்ச்சி என்றும் பொருள் உண்டு, சுணைகெட்டவன் என்கிறோம். தொட்டால் உணர்வது, உறுத்துவது, நாணுவது என்று ஒரு சங்கிலி ஓடுகிறது. இதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
தனி மடலாகவே எழுதுங்கள் ஐயா. அச்சில் ண கை தவறி ன ஆனால் இலைமேல் சுனை ஊறும் என்பது என் பயம். பருத்தி வேறு இருக்கிறது. பஞ்சிழையும் விதைத்தோலின் ஒற்றைச் செல் நீண்டு வளர்ந்ததுதான். பருத்தியின் ஒரு மரபணுவை கிளாப்ரா1 பழுதான அரபிடாப்சிஸில் புகுத்தினால் இலையில் மறுபடி முளைக்கிறது என்று இதே இயலில் வருகிறது. பஞ்சைச் சுணை என்றால் யார் ஏற்பார்கள்?

சரி, இப்படிச் செய்கிறேன். இலைத்தூவி, வேர்த்தூவி, விதைத்தூவி. வெறும் ‘தூவி’ எங்கும் தனித்து வராது. டிரைக்கோம் என்ற பெயரும் முதலில் ஒருமுறை வரும்.

தனித்தமிழ் அன்பர்:
டிரைக்கோம் வேண்டாம். மற்றபடி உங்கள் விருப்பம். மயிருக்கு என் வாக்கு ஒன்று இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் ஆசிரியை:
வெள்ளிக்கிழமைக்காக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டிலும் புல்லி இதழிலும் முளைப்பதை இலைத்தூவி என்பீர்களா? அந்த அத்தியாயம் வரும்போது மறுபடி எழுதுவேன்.