ஆறு தெரியும் அறை

குழு: கீழக்கரை வீடு

வெள்ளி, இரவு 8:40

நான்: அஸ்ஸலாமு அலைக்கும். அரையாண்டு விடுமுறைக்கு பாங்காக் டிக்கெட் போட்டாயிற்று. டிசம்பர் 26 இரவு சென்னையிலிருந்து கிளம்புகிறோம், அங்கே ஐந்து இரவு. உம்மா, ராத்தா, மச்சான், தம்பி, நான், ராத்தாவின் இரண்டு வாண்டுகள். எந்தப் பகுதியில் தங்குவது என்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். வருடக் கடைசி, வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது.

தம்பி: காவ் சான் சாலை. பேசி முடித்தாயிற்று.

ராத்தா: யாரோடு பேசி முடித்தாய்?

தம்பி: அரண்மனைக்கு நடந்தே போகலாம் ராத்தா. அறையும் மலிவு.

சாச்சா: நடந்து போகலாம், உண்மைதான். ஆனால் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் ரயில் ஸ்டேஷன் கிடையாது. மற்ற எங்கே போவதென்றாலும் டாக்ஸியில் நெரிசலில் உட்கார வேண்டும். ராத்திரி முழுக்கப் பாட்டு. உன் உம்மா சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கும்போதுதான் அந்தத் தெரு தூங்கப் போகும்.

தம்பி: சரி, விட்டேன்.

ராத்தா: நான் சொல்கிறேன், பிரதுநாம். பிளாட்டினம் மால் அங்கேதான். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை.

நான்: நாம் தங்கப் போகிறோமா, கடை போடப் போகிறோமா?

ராத்தா: சிரிக்காதே. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். விமான நிலைய ரயில் முடியும் இடம் பயா தாய். அங்கிருந்து வான் ரயிலில் ஒரே ஸ்டேஷன், ராச்சதேவி. பக்கத்தில் பெச்சபுரி சாலை 7ஆம் சந்தில் தாருல் அமான் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தச் சந்து முழுக்க ஹலால் கடைகள். பிள்ளைகளுக்குக் காலைப் பசியாற அலைய வேண்டாம்.

சாச்சா: இது நல்ல யோசனைதான்.

மச்சான்: என் ஓட்டு நானா என்கிற பகுதிக்கு. போன வருடம் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அங்கேதான் இருந்தோம். சுகும்வித் 3ஆம் சந்தில் அரபிச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

பெரியம்மா: யாருக்கு ஆஸ்பத்திரி? என்ன ஆச்சு? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே

மச்சான்: யாருக்கும் ஒன்றும் இல்லை பெரியம்மா. பழைய கதை.

பெரியம்மா: அல்ஹம்துலில்லாஹ். பதறிவிட்டேன்

நான்: மச்சான், நீங்கள் அங்கே அறையைத் தேடி அலைந்த கதையைச் சொல்லவில்லையே?

மச்சான்: அதை ஏன் கேட்கிறாய். விளம்பரத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்று இருந்தது. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் கிட்டத்தான் தெரிந்தது. அங்கே சந்தை 'சோய்' என்பார்கள். நம் தெருச் சந்து மாதிரி நாலு வீட்டோடு முடிகிற சங்கதி இல்லை, ஒரு கிலோமீட்டர் உள்ளே போகிற சோய் எல்லாம் உண்டு. எங்கள் விடுதி கடைசியில் இருந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் 25 நிமிடம். சித்தப்பா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். இன்னொன்று, ஒற்றைப்படை எண் சோய் எல்லாம் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். 3க்கு எதிரே 4 வரும். போகப் போகக் கணக்கு தப்பிவிடும், 21க்கு நேர் எதிரே தேடினால் 16, 18 நிற்கும். அதனால் நடக்கும் நேரத்தைப் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதே.

சாச்சா: மாப்பிள்ளை சொல்வது முழுக்கச் சரி. ஆஸ்பத்திரி வேலை இருந்தால் நானா போல வசதி இல்லை. ஆனால் சாலையைத் தாண்டினால் 4ஆம் சோய், இரவு விடுதிகள் இருக்கிற இடம். பிள்ளைகளையும் மதினியையும் வைத்துக்கொண்டு ராத்திரி அந்தப் பக்கம் நடப்பது சங்கடம்.

மச்சான்: சாச்சா, நீங்கள் சிலோம் என்று சொல்லப் போகிறீர்கள். அங்கே மட்டும் பத்போங் இரவு விடுதித் தெரு இல்லையா?

சாச்சா: அது சாலா டேங் முனையில், கிழக்கே. நான் சொல்வது மேற்கு முனை.

சாச்சா: சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். 24 வருடம் அங்கே கால் தேய்ந்திருக்கிறது. மகேசக் சாலையில் கல் வியாபாரம், அங்கேதான் உங்கள் வாப்பாவும் நானும் ஒரே மேசையில் மாணிக்கமும் நீலமும் பிரித்தோம். சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. தாய்க்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள். நம் ஆட்கள் தொழுகிற மிராசுத்தீன் பள்ளியும் அங்கே சந்துக்குள்தான். மதினி ஒரு தடவை கூட வந்து பார்க்காத இடம். வேறு எங்கே தங்கினாலும் மனசு கேட்குமா?

(அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினார்.)

வெள்ளி, இரவு 10:05

நான்: எனக்கும் சாச்சா சொல்வதுதான் சரி என்று படுகிறது. உம்மாவுக்கு வாப்பா இருந்த இடத்தைப் பார்க்க ஆசை இருக்கும்.

ராத்தா: நானும் விட்டுக்கொடுக்கிறேன். பிரதுநாமுக்கு ஒரு நாள் ரயிலில் போய்க்கொள்கிறேன்.

தம்பி: உம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

சனி, காலை 6:10

உம்மா: (குரல் செய்தி, 1 நிமிடம் 52 நொடி)

ராத்தா: பெரியம்மாவுக்குக் காது கேட்காது, அதனால் எழுதிப் போடுகிறேன். உம்மா சொன்னது இது:

"ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். அந்தச் சந்தில் எனக்கு என்ன இருக்கிறது? உங்கள் வாப்பா எழுதின கடிதம் அத்தனையிலும் வெயில், மூட்டைப்பூச்சி, கல் விலை. அதையெல்லாம் இங்கே உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கடிதத்தில்தான் வேறு எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை படகில் போனேன், ஆறு கரை முட்ட ஓடுகிறது, அதில் ஒரு வாய்க்கால் நம் பக்கம் திரும்பினால் ராமநாதபுரம் பிழைக்கும் என்று. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிற ஊர் நம் ஊர். கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று. எனக்கு ஆறு பார்க்க வேண்டும். முட்டி வலிக்கிறது, அதிகம் நடக்க வைக்காதீர்கள்."

தம்பி: 😂 நாம் எல்லோரும் அவுட்.

சாச்சா: மதினி, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே!

உம்மா: கேட்டால்தானே தம்பி சொல்வேன்.

சாச்சா: அப்படியானால் ஒரே இடம்தான். சபான் தக்சின். வான் ரயிலை விட்டு இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை, எதிரே சாவோ பிரயா ஆறு. அரண்மனைக்குத் தா சாங் துறை, சீனர் கடைத்தெருவுக்கு ராச்சவொங் துறை, எல்லாம் படகிலேயே போகலாம். டாக்ஸி நெரிசல் கிடையாது, படகுக் கூலியும் சில்லறைதான். சரோன் குருங் 36ஆம் சோயில் ஹாரூன் பள்ளி இருக்கிறது. மதினி நடக்க வேண்டாம், வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

மச்சான்: முட்டி வலியோடு படகில் ஏறுவது சரிப்படுமா? துறையில் மிதவை ஆடும். படகு ஒட்டி நிற்பதும் கொஞ்ச நேரம்தான்.

உம்மா: பாம்பனில் வள்ளத்தில் ஏறி இறங்கின கால் இது. படிதான் எனக்கு ஆகாது.

நான்: ஸ்டேஷனில் லிஃப்ட் எந்த வாசலில் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். எல்லா வாசலிலும் இருக்காது.

ராத்தா: அங்கிருந்து பிரதுநாமுக்கு?

சாச்சா: சயாமில் மாற வேண்டும். போகும்போது இறங்கின மேடையிலேயே எதிர்ப்பக்கம் மாறி ஏறலாம். திரும்பும்போதும் அப்படியே லேசு, இறங்கின மேடையிலேயே எதிர்ப்பக்கம் சபான் தக்சின் வழியாக பாங் வா போகிற வண்டி நிற்கும். எவ்வளவு மூட்டை இருந்தாலும் படி ஏற வேண்டாம்.

ராத்தா: இது போதும் எனக்கு.

தம்பி: நான் தேடிப் பார்த்தேன். ஆற்றோரம் இருப்பதெல்லாம் பெரிய பெரிய ஹோட்டல்கள், ஒரு ராத்திரி வாடகையில் இங்கே ஒரு மாதம் வீடு எடுக்கலாம். இரண்டு தெரு உள்ளே தள்ளினால் பாதிக்கும் கீழே. ஆனால் ஜன்னலில் ஆறு தெரியாது.

உம்மா: ஜன்னல் எதற்கு? கரையில் போய் உட்கார்ந்து பார்ப்பேன்.

நான்: இரண்டு தெரு உள்ளே, துறைக்கு ஆறு நிமிட நடை, மூன்று அறை, லிஃப்ட் உண்டு. இப்போது பதிவு செய்கிறேன். வருகை அட்டையிலும் தங்கும் முகவரி கேட்கிறார்கள். 2025 மே முதல் அதை இணையத்தில் நிரப்புவது கட்டாயம், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள். இலவசம்தான், காசு கேட்கிற தளம் எதையும் தொடாதீர்கள்.

சாச்சா: விமான நிலையத்திலிருந்து ரயில் வேண்டாம். ஏழு பேர், அத்தனை பெட்டி, இரண்டு டாக்ஸி பிடியுங்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் 50 பாத் விமான நிலையக் கட்டணமும் மேம்பாலச் சாலைக் காசும் கேட்பான், அது ஏமாற்று இல்லை. அரண்மனை வாசலில் ஒருவன் வந்து 'இன்று மூடியிருக்கிறது, வா கல் கடைக்குக் கூட்டிப் போகிறேன்' என்பான் பாருங்கள், அதுதான் ஏமாற்று. கீழக்கரைக்காரனையே துக்துக்கில் ஏற்றிக் கல் கடைக்குக் கூட்டிப் போகப் பார்த்தான் ஒருவன்!

மச்சான்: அரண்மனைக் கோயில் பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம், அவர்கள் வழக்கில் ராமகியன். 178 ஓவியம். குரங்குகள் கடலில் கல்லைப் போட்டு அணை கட்டுகின்றன, கீழே மீன்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகின்றன. நம் சேதுக்கரைதான் மாமி அது.

உம்மா: உள்ளே போக எவ்வளவு?

மச்சான்: ஆளுக்கு 500 பாத்.

உம்மா: நம் கடலில் நடந்த கதையைப் பார்க்க ஆயிரம் ரூபாய்க்கு மேலா! நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் துறையில் இருக்கிறேன்.

தம்பி: முட்டிக்கு மேல் டவுசர் போட்டால் உள்ளே விட மாட்டார்களாம். எனக்கும் துறைதான் போல.

நான்: பதிவு முடிந்தது.

பெரியம்மா: சாச்சாவுக்கு இங்கிருந்து தொதல் அனுப்பட்டுமா

சாச்சா: நான் சென்னை மண்ணடியில்தானே இருக்கிறேன், பாங்காக்கில் இல்லை. ஆனாலும் அனுப்புங்கள்.

சனி, இரவு 9:30

உம்மா: தம்பி, அந்த மகேசக் சாலை அங்கிருந்து எவ்வளவு தூரம்?

சாச்சா: ஒரே ஸ்டேஷன் மதினி. சுரசாக்கில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டும்.

உம்மா: காலையில் போக வேண்டும். கல் பார்க்கக் காலை வெளிச்சம்தான் சரி என்று அவர் எழுதுவார்.